சிலம்பனுக்குப் பேர் வைத்தவர்

ஜனவரி 19, திங்கள்

தாளாளர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னதும் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இந்தக் கல்லூரியில் ஒன்பது வருஷமாகக் கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன். ஒரு வீட்டில் இத்தனை நாள் தங்கினால் விருந்தாளிக்கு ரேஷன் கார்டிலேயே பேர் ஏறியிருக்கும்.

வேலை போகவில்லை. வேலை வந்திருக்கிறது. எங்கள் விலங்கியல் துறையைத் தொடங்கிய பேராசிரியர் குற்றாலிங்கம், தாளாளர் திரிகூடராஜனின் அப்பா. அவர் கண்டுபிடித்த பறவைக்கு இது அறுபதாவது வருஷமாம். மார்ச் 14 அன்று கல்லூரி வாசலில் சிமெண்ட் பறவை ஒன்றும், அதன் காலடியில் கிரானைட் கல் ஒன்றும் திறக்கப்போகிறார்கள்.

"கல்லுல கடைசி வரிதான் பாக்கி. பறவையோட அறிவியல் பேரு, பேர் வச்சவர், வருஷம். அப்பாவோட கட்டுரை வந்த இதழ்ல டிசம்பர் அறுபத்தஞ்சுன்னு இருக்கு. இன்டர்நெட்ல எவனோ அறுபத்தாறுன்னு போட்டிருக்கான். எது சரின்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

குற்றால மலையில் மட்டும் உள்ள ஒரு சிலம்பன் வகை அது. நேரில் பார்த்தவர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். மேடையில் பார்த்ததாகச் சொன்னவர்கள் எண்ணூறு பேர். அதன் பெயரின் கடைசிப் பகுதி 'மெய்யப்பனி'. கல்லூரிக்கு நிலம் கொடுத்த மில் முதலாளி மெய்யப்பனைக் கௌரவித்து வைத்தது. கேட்பவர்கள் ஏதோ மார்கழி மாதத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுந்தபோது தாளாளர் சொன்னார்: "ஜூன்ல நிரந்தரப் போஸ்ட் ஒண்ணு வருது. உங்கள மனசுல வச்சிருக்கேன்."

அவருக்குப் பெரிய மனசு. ஒன்பது வருஷமாக வாடகை இல்லாமல் அங்கேதான் குடியிருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

விழாவுக்கான ஃப்ளெக்ஸ் ஆர்டர் என் வீட்டுக்காரர் இசக்கிக்கே கிடைத்திருக்கிறது. தென்காசியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு மனைவி கல்லூரியில் வேலை பார்ப்பதால் கிடைத்த முதல் லாபம் இது. "வருஷத்த மட்டும் வெரசாச் சொல்லு வடிவு. அச்சடிச்ச பெறவு அறுபத்தஞ்ச நான் அழிறப்பர் வச்சு அழிக்க முடியாது" என்கிறார்.

மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

பேராசிரியரின் கட்டுரை வந்த மெட்ராஸ் சஞ்சிகை நூலகத்தில் இருந்தது. அட்டையில் பளிச்சென்று டிசம்பர் 1965. கட்டுரை, படம், பேராசிரியர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. மூடி வைக்கப்போனவள் பின்னட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதை முன்னிட்டு வெளிநாட்டுச் சந்தா உயர்த்தப்படுகிறது.'

ரூபாயின் மதிப்பைக் குறைத்தது 1966 ஜூன் 6. ஆறு மாதம் முன்னாலேயே அது சஞ்சிகை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அவரை நிதி மந்திரி ஆக்கியிருக்க வேண்டும்.

விஷயம் எளிது. இதழ் தாமதமாகியிருக்கிறது. டிசம்பர் என்று போட்டு ஜூனுக்கு மேல்தான் வெளியே விட்டிருக்கிறார்கள். பறவைப் பெயர்களின் விதிப்படி அட்டையில் அச்சிட்ட தேதியை விட, வாசகன் கைக்கு வந்த தேதிதான் பெரியது. ஆகவே 1966. இன்டர்நெட்டில் எழுதிய அந்த 'எவனோ' விஷயம் தெரிந்தவர்.

ஜனவரி 28, புதன்

தாளாளரிடம் சொன்னேன். "அஞ்சோ ஆறோ, அப்பாதானே?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

விழா மலருக்கு அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். பழைய கல்லூரி மலர்களைப் புரட்டினால் கிடைக்குமாம். வருஷம் கேட்டவர் வருஷத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 4, புதன்

1966-ஆம் வருஷக் கல்லூரி மலர். 'மாணவர் கடமை' என்ற கட்டுரைக்கும் ஒரு சோடா கம்பெனி விளம்பரத்துக்கும் நடுவில், ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு. எழுதியவர்: த. ரூபி, விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆய்வகத்தில் செய்து காட்டிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. குற்றால மலையில் கிடைத்த புதிய சிலம்பன் வகை. தொண்டை என்ன நிறம், வால் என்ன நீளம், மற்ற சிலம்பன்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது எல்லாம் இருந்தது. கடைசியில் பெயர்: குற்றாலிங்கமி. 'என் பேராசிரியர் அவர்களுக்கு மரியாதையாக.'

முதல் பக்கத்தில் நூலக முத்திரை: 18 மார்ச் 1966.

மார்ச், ஜூனுக்கு முன்னால் வரும். இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

ஒரு பறவைக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்தால், முதலில் அச்சாகி வெளியே வந்த பெயரே நிற்கும். கல்லூரி மலரானாலும் சரி, பல பிரதி அச்சடித்து நாலு பேருக்குக் கொடுத்திருந்தால் செல்லும். பக்கத்தில் சோடா விளம்பரம் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிறகு போய் டீ குடித்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, அதனால்தான்.

பிப்ரவரி 7, சனி

ரூபி டீச்சர் இருக்கிறார்! சுரண்டையில், எண்பத்துமூன்று வயதில், முழுக் குரலில். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டபோது, "அந்த மிலிட்டரியா?" என்று வழி காட்டினார்கள்.

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெயரைச் சொன்னேன்.

"குற்றாலிங்கம் காலேஜா? அவரு செத்துட்டாருல்லா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு டீச்சர்."

"நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். உட்காரச் சொன்னார். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தக் குருவிய உரிச்சுப் பஞ்சு வச்சுத் தைச்சது நாந்தான். ரெண்டு நாள் கையில நாத்தம் போகல. எழுதுனதும் நாந்தான்."

"அவர் பேரை ஏன் வச்சீங்க?"

"மரியாதைக்கு." டிவியைப் பார்த்தார். யாரோ அவுட். "இருபத்துமூணு வயசுல மரியாத கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும்."

மீதியையும் அவரே சொன்னார்.

"மார்ச்சுல மலர் வந்துது. ஒரு காப்பிய அவரு மேசையில கொண்டு வச்சேன். பாத்தாரு, ஒண்ணுஞ் சொல்லல. சரி, வெக்கப்படுதாரு போலன்னு நெனச்சேன். ஜூலைல மெட்ராஸ்ல இருந்து புஸ்தகம் வருது. அதே குருவி, வேற பேரு. மெய்யப்பனி! செப்டம்பர்ல மெய்யப்பன் மகளுக்கும் அவருக்கும் கல்யாணம். மத்த மாப்பிள்ளைமாருல்லாம் மாமனாருக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுப்பான். இவரு குருவியக் குடுத்துட்டாரு."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். காலேஜ் மலர்லாம் கணக்குல வராது ரூபின்னாரு. மறுநாளே வேலைய விட்டுட்டேன்."

"வரும் டீச்சர்" என்றேன். "கணக்குல வரும்."

அப்போதுதான் டிவியை அணைத்தார்.

"வந்தா?"

"மெய்யப்பனி செல்லாது. நீங்க வச்ச பேருதான் நிக்கும். பறவைப் பட்டியல்ல பக்கத்துல உங்க பேரும் வருஷமும் வரும். குற்றாலிங்கமி, ரூபி, 1966."

மூன்றையும் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "என்னட்டி இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அந்தப் பேர எடுத்துட்டு வேற வைக்கேன். என் பேருக்குப் பக்கத்துல அந்தாளு பேரு எனக்கு வேண்டாம்."

"முடியாது டீச்சர். வச்சவங்களே நினைச்சாலும் மாத்த முடியாது. அதான் விதி."

"எந்த முட்டாப்பய போட்ட விதி?"

"உலகம் பூரா உள்ளவங்க கூடிப் போட்டது."

"அப்ப உலகம் பூரா முட்டாப்பயலுவதான். நீ போ. யார்ட்டயும் சொல்லாத. அது மெய்யப்பனியாவே கெடக்கட்டும்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். வழியனுப்பினாரா, நான் போவதை உறுதி செய்துகொண்டாரா என்று தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

வகுப்பு நடுவில் போன். ரூபி டீச்சர்.

"அந்தப் பட்டியல்ல இனிஷியல் போடுவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர். ரூபி மட்டும்தான்."

"எங்கப்பா பேரு கெடையாதா?"

"கிடையாது."

"இங்கிலீஷ்ல எழுதும்போது எம் பேரு பெரிய எழுத்துல ஆரம்பிக்குமா?"

"ஆமா டீச்சர். கேப்பிட்டல் ஆர்."

"அந்தாளு பேரு?"

"பறவைப் பேரோட கடைசிப் பகுதி எப்பவும் சின்ன எழுத்துதான். சின்ன கே."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அப்பிடியா?" என்றார். பிறகு, "அப்பச் சரி. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

இரண்டாம் வருஷப் பிள்ளைகள் தவளையின் இதயத்தை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 11, புதன்

தாளாளரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பதைக் குறித்து வைப்பதற்காகத்தான் இந்த வரி.

அவர் இரண்டு கட்டுரைகளையும் என் போனில் படித்தார். காது சிவந்தது. "ஒரே பறவையப் பார்த்து ரெண்டு பேர் எழுதினா ஒரே மாதிரிதானே இருக்கும்? ஒரு யானைய நீங்களும் நானும் வர்ணிச்சா, நீங்க தும்பிக்கைன்னு எழுதுவீங்க, நான் வாலுன்னா எழுதப்போறேன்? அப்பாவத் திருடன்னு சொல்றீங்களா?"

"நான் தேதிய மட்டும்தான் சார் சொல்றேன்."

"அறுபது வருஷம் கழிச்சுத் தேதிய யாரு கேட்டா?"

"நீங்கதான் சார்."

சொல்லியிருக்க வேண்டாம். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் எழுந்துபோய் அப்பாவின் படத்தை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "அந்த மலரை என் ரூமுக்கு அனுப்பிடுங்க. இங்க பத்திரமா இருக்கும்" என்றார். பிறகு, "ஜூன்ல போஸ்ட் வருதுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. உளுந்து ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. மலரை அனுப்ப முடியவில்லை, அந்த அலமாரியின் சாவியை நூலகர் எங்கோ வைத்துவிட்டாராம். முப்பது வருஷத்தில் ஒரு சாவியைத் தொலைக்காத மனுஷர். அவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

பிப்ரவரி 14, சனி

ஒரு விபத்து. பெங்களூரில் ஒரு குழு, நம் நாட்டுப் பறவைப் பெயர்களுக்கெல்லாம் யார் எப்போது வைத்தது என்று பட்டியல் தயாரிக்கிறது. அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலைச் சும்மா எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பும் எண்ணம் இல்லை. முறுக்கு எடுக்கும்போது கை பட்டுவிட்டது. போய்விட்டது.

இசக்கி எட்டிப் பார்த்தார். "கை பட்டுட்டுதா? தலைப்புப் போட்டு, ஏழு படத்தையும் வரிசையா ஏத்தி, அடியில காலேஜ் அட்ரஸும் போட்டு, கை பட்டுட்டுதா?"

"ஆமா."

"முறுக்கு எங்க?"

தின்றாகிவிட்டது என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஃப்ளெக்ஸ அச்சுக்கு விடாம வைக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அந்த மனுஷன் மேல் எனக்குச் சில நாட்களில் ரொம்பப் பிரியம் வருகிறது. சொன்னால் மண்டைக்கனம் ஏறிவிடும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பதில் இல்லை. ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் நல்ல சமையல் குறிப்பு இருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. ரூபாய் மதிப்புக் குறைப்பு அறிவிப்பைக் கண்டுபிடித்ததற்குப் பெங்களூர்க்காரர்கள் துள்ளிக் குதித்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் சந்தோஷம் இப்படித்தான் வரும் போலிருக்கிறது. முடிவு: குற்றாலிங்கமி, ரூபி, 1966. பட்டியலில் ஏற்றியாகிவிட்டது. கல்லூரிக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் பியூன் வந்தான். என் டிபன் பாக்ஸ், குடை, சேலைப்பின் டப்பா எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

தாளாளர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே அந்தப் பறவைக்கே அப்பா பேரா?"

"ஆமா சார்."

"உலகம் பூரா?"

"பூரா."

"மெய்யப்பன் தாத்தா பேரு?"

"போயிடும் சார்."

கொஞ்சம் யோசித்தார். "எங்கம்மாவுக்கு மில்லுல ஒரு பங்குகூடக் குடுக்காம மாமன்மாருக்கே எழுதி வச்சாரு அந்தத் தாத்தா. போகட்டும்."

எனக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "அந்தம்மாவையும் விழாவுக்குக் கூப்பிடுங்க. அப்பாவோட மாணவின்னு போட்டுக்கலாம்."

"டெமான்ஸ்ட்ரேட்டர் சார்."

"மாணவி" என்றார்.

சேலைப்பின் டப்பாவை மறுபடி மேசை டிராயரில் வைத்தேன். குடை பையிலேயே இருக்கட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

ரூபி டீச்சர் வர மாட்டேன் என்கிறார். மாணவி என்று போட்டதற்கு அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. இவர்தான் முப்பது வருஷம் பெண் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லிக் கொடுத்தவர்.

மார்ச் 11, புதன்

வருகிறாராம். "மைக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். குடுப்பாங்க என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

இசக்கி காரில் போய் அழைத்து வந்தார். வெளிர்நீலச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் செருப்பு. சிமெண்ட் பறவையைச் சுற்றி வந்து பார்த்தார். "வாத்தா இது?" என்றார். இசக்கி, "நான் பண்ணல டீச்சர், ஃப்ளெக்ஸ் மட்டும்தான் நம்மளது" என்று உடனே விலகிக்கொண்டார்.

தாளாளர் நன்றாகவே பேசினார். அப்பாவின் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைப் பார்க்காமல் ஒப்பித்தார். வருஷாவருஷம் நிறுவனர் நாளில் அவர் ஒப்பிக்கும் பத்தி. எங்களுக்கே பாதி மனப்பாடம். "ஒரே பறவை, இரண்டு பார்வை! குருவும் சிஷ்யையும் தனித்தனியே கண்டார்கள், ஒன்றையே கண்டார்கள்!" என்று முடித்தார். கைதட்டல். டீச்சருக்குச் சால்வை போட்டார்கள். அவர் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தார்.

நான் பின்வரிசையில் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் அதிகம், அதனால்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச்செல்லாம் வேண்டாம். ஒரு திருத்தம் மட்டும் சொல்லணும்" என்றார். மேடைக்காகக் கொஞ்சம் இலக்கணமாகப் பேசினார், டீச்சர் அல்லவா. "என் குறிப்பில் இந்தப் பறவையின் சிறகு எண்பத்தேழு மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அது தப்பு. எழுபத்தெட்டு. அளந்தது சரியாகத்தான் அளந்தேன். டைப் அடிக்கும்போது நம்பரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மலர் அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பேராசிரியரிடம் சொல்லலாம் என்று போவதற்குள், அவர் கட்டுரை மெட்ராஸுக்குப் போய்விட்டது."

தண்ணீர் குடித்தார். அவசரமே இல்லை.

"அதிலும் எண்பத்தேழு என்றுதான் இருக்கிறது."

விலங்கியல் துறை வரிசையில் யாரோ இருமினார்கள்.

"அறுபது வருஷமாகத் தப்பாக இருக்கிறது. பிள்ளைகள் திருத்திக்கொள்ளவும். நன்றி."

போய் உட்கார்ந்துவிட்டார். தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் பலமாகக் கைதட்டின, அவர்களுக்கு எல்லாப் பேச்சும் ஒன்றுதான். தாளாளரும் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது தட்டில் அவர் கைகள் அப்படியே நின்றன. வாய் மட்டும் லேசாக அசைந்தது. அந்தப் பத்தியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சிறகின் அளவு அதில் வரும்.

தேசிய கீதம் வரைக்கும் அவர் யாரையும் பார்க்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகத் தாளாளர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். தனியாக. பிள்ளைகளை வெளியே அனுப்பினேன்.

"அந்தப் பறவை இருக்கா?"

பாடம் பண்ணின பறவைகள் இருக்கும் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். கண்ணில் பஞ்சு, கால்கள் கட்டியபடி மல்லாந்து கிடந்தது. உலகத்தில் இந்த வகையில் முதலாவதாகப் பேர் பெற்ற உடம்பு. அவர் அதை இதற்கு முன் பார்த்ததில்லை என்று அவர் கை நீட்டிய விதத்திலேயே புரிந்தது. தொடுவதற்குப் பயந்தார்.

"ஸ்கேல் குடுங்க. நானே அளக்கணும்."

சிறகு மடங்கும் இடத்தில் ஸ்கேலை எப்படி வைப்பது, நீளமான இறகின் நுனிவரை எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். குனிந்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை.

"எழுபத்தெட்டு" என்றார்.

நான் இழுப்பறையை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தேன்.

"எங்கப்பா காய்கறிக் கடையில தராசுத் தட்டைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட மனுஷன்." பறவையை இழுப்பறையில் முன்பு கிடந்தபடியே மல்லாக்க வைத்தார். "அளந்தே பார்க்கல, இல்ல?"

"தெரியல சார்."

தெரியும். ஆனால் அவர் அந்த நேரம் பார்த்த பார்வைக்கு வேறு என்ன சொல்வது. ஐம்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூட வாசலில் வண்டி வராமல் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தார். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜூன் போஸ்ட்டைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க அது நேரமில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ரூபி டீச்சருக்குப் போன் போட்டேன்.

"எத்தன வந்துது?" என்றார், நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே.

"எழுபத்தெட்டு."

"தெரியும். அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். மூணு தடவை அளந்தார்."

அந்தப் பக்கம் கிரிக்கெட் சத்தம் நின்றது.

"பரவால்ல" என்றார். "அவன் அளந்தான்லா."